நாலாம் குழாயின் காய்ச்சல்

அவருக்குக் ‘காய்ச்சல்காரர்’ என்று பட்டப்பெயர் வைத்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் பழியை வேறு யார் தலையிலாவது கட்டிவிட்டேன் என்று பேச்சு வரக்கூடாது.

எங்களுடையது மண் அணை. நடுவில் களிமண்ணை இடித்து இறுக்கியிருப்பார்கள். இரண்டு பக்கமும் சரளையும் கல்லும். மண் அணை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அந்தக் கசிவு நீர் ஒழுங்காக வெளியேற அடிவாரத்தில் ஆறு குழாய்கள் வைத்திருந்தார்கள். தினமும் காலை ஆறு மணிக்கு அந்த ஆறையும் அளப்பது என் வேலை. ஐந்து லிட்டர் பாத்திரத்தைக் குழாயின் வாயில் பிடித்து, நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பார்ப்பேன். அப்புறம் ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கி, தண்ணீர் தெளிவா கலங்கலா என்று பார்ப்பேன். பதிவேட்டில் அச்சடித்த பத்தி இரண்டு: அளவு, தெளிவு. இருபத்தாறு வருஷம் இந்த இரண்டு பத்தியை நிரப்பித்தான் சோறு தின்றேன்.

அணைக்கு நேர் கீழே ஊழியர் குடியிருப்பு, ஐம்பத்திரண்டு வீடு. முதல் வரிசையில் முதல் வீடு எங்களுடையது. நானும் அக்காவும் மட்டும்தான். அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். உடம்புக்கு வயதாகிவிட்டது, நாக்குக்கு ஆகவில்லை. நான் குழாய்களை அளந்துவிட்டுத் திரும்பும்போது எதிரே வருகிறவர்கள் எல்லாரும் “எப்படி இருக்குக்கா?” என்று கேட்பார்கள்; ஊருக்கு நானும் அக்காதான். “நல்லாயிருக்கு” என்பேன். அதற்கப்புறம் அவர்கள் அணையைப் பற்றி அன்றைக்கு நினைக்கவே மாட்டார்கள்.

அந்த மனிதர் நிலவியல் படித்தவர். நாற்பது வயது இருக்கும், ஒல்லி, எப்போதும் சட்டைப் பையில் இரண்டு பென்சில். தலைமை அலுவலகத்தில் யாரோடோ முட்டிக்கொண்டு எங்களிடம் மாற்றலாகி வந்தார் என்று பேசிக்கொண்டார்கள். வந்த இரண்டாம் நாள் காலை நாலாம் குழாய்க்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தண்ணீரில் தெர்மாமீட்டரை வைத்திருந்தார்.

“என்ன சார், அணைக்குக் காய்ச்சலா?” என்றேன்.

சும்மா கேட்டதுதான். அவர் நிமிர்ந்து பார்த்து, சிரிக்காமல் பதில் சொன்னார்.

“அதைத்தான் பார்க்குறேன். ஏரித் தண்ணி களிமண்ணுக்குள்ள ரொம்ப மெதுவா ஊர்ந்து வருதுக்கா. குளிர் காலத்துல உள்ள போன தண்ணி இந்தக் குழாய்க்கு வந்து சேர எழுபது நாள் ஆகும். அதனாலதான் வெயில் தொடங்கின பிறகும் இது ஜில்லுனு வருது. எழுபது நாள் ஆகுற வரைக்கும் நமக்குக் கவலை இல்லை. அதுவே இருபது நாள்ல வந்து சேர்ந்தா?”

“சீக்கிரம் வந்தா நல்லதுதானே சார்? இங்க பஸ்ஸே அப்படி வர்றதில்ல.”

“உள்ள எங்கயோ குறுக்குவழி விழுந்திருக்குனு அர்த்தம். மண்ணு அரிச்சுட்டுப் போகுது.”

“அப்ப அளவு கூடுமே. தண்ணி கலங்குமே. அதைத்தானே நான் தினமும் பார்க்குறேன்?”

“கூடும், கலங்கும். ஆனா அது கடைசியில. அதுக்கப்புறம் நமக்கு நேரம் இருக்காதுக்கா.”

எனக்குச் சுருக்கென்றது. இருபத்தைந்து வருஷமாக நான் பார்த்தது கடைசியில் தெரிகிற விஷயத்தை என்று நேற்று வந்தவர் சொல்கிறார். அன்று சாயங்காலமே குடியிருப்பில் ‘காய்ச்சல்காரர்’ கதையை ஏற்ற இறக்கத்தோடு சொல்லிச் சிரிக்க வைத்தேன். ஒரு வாரத்தில் பெயர் ஒட்டிக்கொண்டது. வெல்டர் ஒருவர் அவரைப் பார்க்கும்போதெல்லாம் “அணைக்கு மாத்திரை குடுத்தாச்சா சார்?” என்பார். பிள்ளைகள் குழாய் முன்னால் நின்று நாக்கை நீட்டிக் காட்டும். அவரும் பாவம், அசடு வழியச் சிரித்துவிட்டுப் போவார்.

வெப்பத்தையும் தினமும் எழுத வேண்டும் என்று பெரிய இன்ஜினியரிடம் அவர் மனு கொடுத்தார். பெரிய இன்ஜினியர் கெட்ட மனுஷர் இல்லை. மேலே இருப்பவர்களுக்கும் கீழே இருப்பவர்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, எதற்கும் விதியைக் காட்டித் தப்பிக்கப் பழகியவர். “பதிவேட்டுல பத்தி இல்லையே” என்றார். கடைசியில், ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்ளலாம், ஆனால் அது அலுவலகக் கணக்கில் சேராது என்று முடிவானது. எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. ஒவ்வொரு குழாயிலும் தெர்மாமீட்டரை ஐந்து நிமிஷம் வைத்திருக்க வேண்டும். ஆறு குழாய்க்கு அரை மணி நேரம். முணுமுணுத்துக்கொண்டே ஒரு வருஷத்துக்கு மேல் எழுதினேன்.

அவர் அதையெல்லாம் ஒரு நீளத் தாளில் புள்ளி வைத்துக் கோடாக இழுத்துச் சுவரில் ஒட்டியிருந்தார். ஏரிக்கு நீலக்கோடு, நாலாம் குழாய்க்குச் சிவப்புக்கோடு. முதல் குளிருக்குச் சிவப்பு எழுபது நாள் பின்தங்கி வந்தது. அடுத்த வெயிலுக்கு நாற்பத்தொரு நாள். அந்த வருஷம் கடும் மழை பெய்து ஏரி சட்டென்று குளிர்ந்தபோது, “இந்தத் தடவை இருபது நாள்ல வரும்கா, பாருங்க” என்றார்.

மழை பெய்த பதினேழாம் நாள் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மருத்துவமனை பஸ்ஸில் முக்கால் மணி நேரம். காலை ஆறு மணிக்குக் குழாய்களை அளந்து, ஆறரை பஸ்ஸைப் பிடித்தால்தான் டாக்டர் வரும் நேரத்துக்கு அவள் கட்டில் பக்கத்தில் இருக்க முடியும். அளவை அளந்தேன், தெளிவைப் பார்த்தேன். அவை அச்சடித்த பத்திகள். பென்சில் பத்திக்கு நேரமில்லை. அது கணக்கிலேயே சேராதது, யாருக்கு நட்டம் என்று, தெர்மாமீட்டரைப் பையிலிருந்து எடுக்காமலே முந்தின நாள் எண்ணைப் பார்த்து எழுதினேன். இருபத்திரண்டு. மறுநாள் இருபத்திரண்டு. சந்தேகம் வரக்கூடாதே என்று ஒரு நாள் இருபத்தொன்று புள்ளி ஒன்பது. இப்படிப் பதினொரு நாள். எழுதக் கூச்சம்கூட வரவில்லை.

அக்காவை வீட்டுக்கு அழைத்து வந்த மறுநாள் நிஜமாகவே வைத்துப் பார்த்தேன். நாலாம் குழாய் பதினெட்டரை. தெர்மாமீட்டரை உதறிவிட்டு மறுபடி வைத்தேன். பதினெட்டரைதான். கெட்டுப்போய்விட்டதோ என்று மற்ற குழாய்களில் வைத்தேன். அவை பழையபடியே இருந்தன. பதினெட்டரை என்று எழுதிவிட்டு வந்துவிட்டேன். அப்போதே ஒரு சந்தேகம் வந்தது. அக்காவுக்கு மாத்திரை கொடுக்கும் அவசரத்தில் அதையும் விழுங்கிவிட்டேன்.

பத்து நாள் கழித்துக் குழு வந்தது. நிலவியல்காரர் தலைமை அலுவலகத்துக்கு எழுதி எழுதி வரவழைத்த குழு. ஐந்து பேர். நடுவில் உட்கார்ந்தவர் ஒரு பேராசிரியர். மண் அணை பற்றி அவர் எழுதிய புத்தகத்தைப் படித்துத்தான் எங்கள் பெரிய இன்ஜினியரே பரீட்சை எழுதியிருக்கிறார். பதிவேடுகளைச் சுமந்து போய்ப் பின்னால் சுவரோரம் நின்றேன்.

நிலவியல்காரர் தாளை மேசையில் விரித்தார். காலையிலிருந்து அவர் எதையும் சாப்பிடவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. எழுபது நாள், நாற்பத்தொரு நாள் என்று விளக்கிக்கொண்டு வந்தார். பேராசிரியர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு விரலை நகர்த்திக் கொண்டுபோய் ஒரே இடத்தில் நிறுத்தினார்.

“இது என்ன?”

சிவப்புக்கோடு அந்த இடத்தில் ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் பதினொரு நாள் நேராகப் போய், பிறகு ஒரே நாளில் மூன்றரை டிகிரி கீழே விழுந்திருந்தது.

“இருபது நாள்ல குளிர் வந்து சேரும்னு சொன்னீங்க. இருபதாம் நாள் ஒண்ணுமே ஆகலையே. அப்புறம் ஒரு நாள் தொபுக்குனு விழுது. நாற்பது வருஷமா மண்ணைப் பார்க்குறேன். மண்ணு படிக்கட்டுல இறங்காது தம்பி. உங்க கருவியில கோளாறு.”

“எனக்கும் அது புரியலை சார்,” என்றார் அவர். “ஆனா மத்த இடமெல்லாம்...”

“எண்ணை எடுத்தது யாரு?”

பெரிய இன்ஜினியர் என்னைக் காட்டினார். “இவங்கதான் சார். இருபத்தாறு வருஷம். இவங்க எழுதினா அதுக்கு மேல ஒரு பேச்சு கிடையாது.”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “தினமும் நீங்களே வைச்சுப் பார்த்ததுதானேம்மா?”

அறையில் ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள். நிலவியல்காரர் முகத்தில் சந்தேகமே இல்லை. அவர் என்னை நம்பியிருந்தார். அதுதான் என்னைக் கொன்றது.

“ஆமா சார்,” என்றேன்.

பேராசிரியர் தாளை மெதுவாகச் சுருட்டி அவரிடமே கொடுத்தார். “ஆர்வம் இருக்கு உங்களுக்கு. ஆனா ஆர்வம் வேற, ஆதாரம் வேற.” அளவு வரம்புக்குள், நீர் தெளிவு, அணை பாதுகாப்பானது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு வாரத்தில் தலைமை அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டும் என்று நிலவியல்காரருக்கு உத்தரவும் வந்தது. மாத்திரை வெல்டர் விழுந்து விழுந்து சிரித்தார்.

வீட்டுக்கு வந்தால் அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என் மூஞ்சியைப் பார்த்ததுமே பிடித்துவிட்டாள். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

“எனக்காகப் போனதாலதான் பொய் எழுதினேன்னு சொல்லாதடீ,” என்றாள். “என் இடுப்பை உன் பொய்க்கு முட்டுக் குடுக்காத.”

“அப்படிச் சொல்லலைக்கா.”

“சரி, அந்த ஆளு சொல்றது நிஜமா?”

“தெரியலை.”

“தெரியலைன்னா போய்ப் பாரு. எனக்கு எழுந்து ஓடக் கால் இல்லை. வேடிக்கையா இருக்கா உனக்கு?”

குழு போன மறுநாள் மறுபடி குளிர்ந்த மழை. இரண்டு நாள் கொட்டியது. ஏரித் தண்ணீர் மூன்று டிகிரி குளிர்ந்தது. அன்றிலிருந்து காலை, மதியம், சாயங்காலம் என்று நாலாம் குழாயில் தெர்மாமீட்டரை வைத்தேன். ஐந்து நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது. பாத்திரம் நிரம்பும் வினாடி மாறவில்லை. புட்டியில் தண்ணீர் பளிங்குபோல் இருந்தது. முன்பெல்லாம் அந்தத் தெளிவைப் பார்த்தால் நிம்மதி வரும். இப்போது அது என்னை ஏமாற்றுகிறதோ என்று பயமாக இருந்தது. மூன்றாம் நாள் மாற்றமில்லை. நாலாம் நாள் இல்லை. ‘நான் பொய் சொன்னதால் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை’ என்று மனசு ஆறுதல் சொல்லத் தொடங்கியது. ஆறாம் நாள் காலை ஒரு டிகிரி இறங்கியிருந்தது. மதியம் இன்னும் அரை.

அவர் சொன்னது இருபது நாள். இங்கே ஆறு நாளில் வந்துவிட்டது.

காலில் செருப்புகூட இல்லாமல் அவர் அறைக்கு ஓடினேன். பெட்டியில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தார். வாசலில் நின்றே சொல்லிவிட்டேன்: பதினொரு நாள் நான் தெர்மாமீட்டரையே எடுக்கவில்லை சார், என் இஷ்டத்துக்கு எழுதினேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

“எந்தெந்த நாள்?” என்று மட்டும் கேட்டார்.

சுருட்டி வைத்த தாளை விரித்து, நான் சொல்லச் சொல்லப் பதினொரு புள்ளியையும் ரப்பரால் அழித்தார். மிச்சமிருந்த புள்ளிகளை ஒரு கோட்டால் சேர்த்தார். சிவப்புக்கோடு அழகாக வளைந்து, இருபதாம் நாள் வாக்கில் கீழே இறங்கியது. அவர் சொன்ன அதே இடம். இனி மனுஷர் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

“என் கணக்கு தப்பா இருக்கணும்னு இவ்வளவு நாளா வேண்டிக்கிட்டு இருந்தேன்கா,” என்றார். “இப்ப எத்தனை நாள்?”

“ஆறு.”

தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டார். இருவரும் பெரிய இன்ஜினியரிடம் போனோம்.

பெரிய இன்ஜினியர் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப நீங்க பொய் எழுதுற ஆள். சரி. இன்னிக்குக் கொண்டு வந்த எண் மட்டும் நிஜம்னு நான் எப்படி நம்புறது?”

“வாங்க சார், நீங்களே வைச்சுப் பாருங்க.”

“நான் வைச்சா மட்டும்? குழு எழுதிட்டுப் போயிடுச்சு. அளவு வரம்புக்குள்ள. தண்ணி தெளிவு. நகரம் முழுக்கக் குடிக்கிறது இந்தத் தண்ணியை. மதகைத் திறந்து ஏரியை இறக்கினா மேலிடத்துல கேப்பாங்க, எந்த விதிப்படி இறக்கினேன்னு. பென்சில் எழுத்தைக் காட்டவா? அதுவும் பொய்னு நீங்களே சொல்ற எழுத்தை?”

நிலவியல்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “நீங்க நாளைக்குக் கிளம்பணும்,” என்று பெரிய இன்ஜினியர் அவர் வாயை அடைத்துவிட்டார். என்னைப் பணியிடை நீக்கம் செய்யும் கடிதம் மறுநாள் வரும் என்றார். அந்தக் கடிதத்தில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, வர வேண்டியதுதான். ஆனால் நான் வாயைத் திறந்ததால் நிலவியல்காரருடைய மிச்ச எண்களும் செத்துப்போயின. பொய் சொல்லியும் கெடுத்தேன், உண்மையைச் சொல்லியும் கெடுத்தேன்.

மறுநாள் காலை வீடு வீடாகப் போனேன். கதவைத் தட்டி, “கிளம்பிடுங்க, நாலாம் குழாய் ஆறு நாள்ல குளிர்ந்துடுச்சு” என்றேன். அவர்கள் பதில் சொன்ன விதத்தை என்றைக்கும் மறக்க மாட்டேன்.

“அக்காவுக்கும் காய்ச்சல் தொத்திக்கிச்சு!”

“தண்ணி கலங்கியிருக்கா?”

“இல்லை.”

“அளவு கூடியிருக்கா?”

“இல்லை.”

“அப்புறம் என்னக்கா? போய்த் தூங்குங்க. ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சு அலைஞ்சு உங்களுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.”

நான் சொல்லிக் கொடுத்த கேள்விகளையே என்னிடம் திருப்பிக் கேட்டார்கள். கோபப்படக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. இருபத்தேழு வீடு ஏறி இறங்கிவிட்டேன். ஒருத்தரும் அசையவில்லை. தெருவில் நின்று அணையைப் பார்த்தால் அது எப்போதும்போல் பச்சைப் புல்லோடு நின்றது. அந்தப் புல்லுக்கு அடியில் எங்கே, எவ்வளவு பெரிய ஓட்டை என்று தெரியவில்லை. அக்காவை எப்படித் தூக்குவது, யாரைக் கூப்பிடுவது என்று ஒன்றும் ஓடவில்லை.

அப்போதுதான் ஜீப்பைப் பார்த்தேன். பெரிய இன்ஜினியர் வீட்டு வாசலில் பின்கதவைத் திறந்துபோட்டு நின்றது. பள்ளிக்கூடம் நடக்கிற நாள். இரண்டு பிள்ளைகளும் சீருடை போடாமல் முன்னால் உட்கார்ந்திருந்தன. அவர் மனைவி பெட்டியை ஏற்றினார். சுவரில் மாட்டியிருந்த போட்டோக்களைத் துணியில் சுற்றி ஏற்றினார். பிரஷர் குக்கரை ஏற்றினார். கடைசியில் பூனையைக் கூடையோடு கொண்டு வந்தார்.

அணை பாதுகாப்பானது என்ற குழுவின் காகிதத்தின் அடியில் பெரிய இன்ஜினியரின் கையெழுத்தும் இருக்கிறது. எனக்கு ஆத்திரத்தில் கண் இருட்டியது. அடுத்த நிமிஷமே புத்தி வேலை செய்தது. இனிமேல் நான் தெர்மாமீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை.

நடுத்தெருவில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். “எல்லாரும் வெளிய வாங்க! பெரிய இன்ஜினியர் வீட்டம்மா ஊருக்குப் போறாங்க! குக்கரோட போறாங்க! பூனையோட போறாங்க! வந்து வழியனுப்புங்க!”

முதலில் சிரித்துக்கொண்டுதான் வந்தார்கள். ஜீப்பைப் பார்த்தார்கள். பிள்ளைகளைப் பார்த்தார்கள். பெரிய இன்ஜினியர் மனைவி கூடையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். வெல்டர் அவரிடம், “லீவாம்மா?” என்று கேட்டார். அந்த அம்மாவுக்குப் பொய் வரவில்லை, தலையைக் குனிந்துகொண்டார்.

அவ்வளவுதான். எழுபது நாள், நாற்பத்தொரு நாள், நீலம், சிவப்பு ஒன்றும் தேவைப்படவில்லை. தெருவே கலைந்து ஓடியது. ஒரு மணி நேரத்தில் ஐம்பத்திரண்டு வீடும் காலி. கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் நின்று அழுதவர்களை மற்றவர்கள் இழுத்துப் போனார்கள். வெல்டரும் இன்னொருவரும் அக்காவை நாற்காலியோடு தூக்கினார்கள். “மெதுவாப்பா, மாத்திரை குடுத்தாச்சா குடுத்தாச்சான்னு கேட்டியே, இப்ப உனக்குத்தான் வேணும் போலிருக்கு,” என்று அவள் மேட்டுச் சாலை வரைக்கும் அவரை வறுத்தெடுத்தாள். அவர் கண்ணில் நீர் வழிய, “ஆமாக்கா, ஆமாக்கா” என்றபடி நடந்தார்.

நிலவியல்காரர் அன்று பஸ் ஏறவில்லை. நாலாம் குழாய் பக்கத்திலேயே தெர்மாமீட்டரோடு உட்கார்ந்திருந்தார். மேட்டில் இருநூறு பேர் நிற்க, கீழே அந்த ஒற்றை ஆளைப் பார்ப்பது பெரிய வேதனையாக இருந்தது. மதியம் பெரிய இன்ஜினியர் வந்து காலி வீடுகளைப் பார்த்தார். மேலிடத்துக்கு என்ன சொன்னார் என்பது பிற்பாடு என் விசாரணைக் கோப்பில் பார்த்தபோது தெரிந்தது: ‘குடியிருப்பு மக்களின் பதற்றத்தைத் தணிக்கும் பொருட்டு’ மதகு திறக்க அனுமதி கேட்டிருக்கிறார். வெப்பம் என்ற வார்த்தையே அதில் இல்லை. மதகு திறந்தது.

ஏரி இறங்க ஒன்பது நாள் ஆயிற்று. ஒன்பது நாளும் மேட்டிலிருந்த பள்ளிக்கூட வராந்தாவில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து உட்கார்ந்தோம். எட்டாம் நாள் குழாயில் தண்ணீர் கலங்கியது. தேநீர் நிறத்தில் வந்தது என்று நிலவியல்காரர் சொன்னார். ஏரி நிறைந்திருந்த நேரத்தில் அது கலங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து அணையைத் தோண்டியபோது களிமண்ணுக்குள் ஓர் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்குப் பொந்து இருந்தது. ‘வழக்கமான பராமரிப்பின்போது கண்டறியப்பட்டது’ என்று அறிக்கை எழுதினார்கள். பேராசிரியர் அதிலும் கையெழுத்துப் போட்டார்.

எனக்கு வேலை போயிற்று. அக்காவோடு மேட்டுச் சாலையில் ஒரு வாடகை அறையில் இருக்கிறேன். இன்று சாயங்காலம் நிலவியல்காரர் போன் செய்தார். தன் கண்டுபிடிப்பை அறிவியல் பத்திரிகைக்கு எழுதி அனுப்பியிருந்தாராம். இரண்டாம் தடவையும் திரும்பி வந்துவிட்டதாம்.

“அந்தப் பதினொரு நாளைத்தான் கேக்குறாங்கக்கா. அதுதான் முக்கியமான இடம், அங்க எண் இல்லை. அளந்தவங்களே பொய் எழுதினேன்னு ஒத்துக்கிட்டதால மத்த எண்ணையும் நம்ப முடியாதுங்குறாங்க.” கொஞ்சம் தயங்கினார். “இதே மாதிரி கட்டின அணை இன்னும் ரெண்டு இருக்கு. குழாய்ல தெர்மாமீட்டர் வைக்க விடுங்கன்னு கேட்டேன். பத்திரிகையில வரட்டும், பார்க்கலாம்னு சொல்லிட்டாங்க.” அப்புறம் மெதுவாக, “அந்த நாள்ல பாத்திரத்தைப் பிடிச்சீங்களே, கை நனைஞ்சிருக்குமே. ஜில்லுனு பட்ட ஞாபகம் ஏதாவது இருக்காக்கா? எந்த நாள்னு?” என்று கேட்டார்.

கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன். பாத்திரம் ஞாபகம் வந்தது, பஸ் ஞாபகம் வந்தது, மருத்துவமனை வாசல் ஞாபகம் வந்தது. கை மட்டும் ஞாபகம் வரவில்லை. இருபதாம் நாள் சார், நல்லா ஞாபகம் இருக்கு, விரல் விறைச்சுப்போச்சு என்று சொல்லலாம். அவர் நம்புவார். இந்தத் தடவை பொய்யால் நல்லதுகூட நடக்கலாம். அது நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது.

“தெரியலை சார்,” என்றேன். “கவனிக்கவே இல்லை.”

“பரவாயில்லைக்கா. நாளைக்கு அதுல ஒரு அணைக்கு நேர்லயே போறேன். கெஞ்சிப் பார்க்கணும்.”

“கீழ எத்தனை வீடு?”

“முந்நூறு இருக்கும்.”

“நானும் வரேன்.”

“நீங்க வந்து என்னக்கா சொல்லப் போறீங்க?”

“குழாயை அளக்குறது யாரோ அவங்களைப் பார்த்து, நான் பதினொரு நாள் பொய் எழுதினேன், அதனால என்ன ஆகப் பார்த்துச்சுன்னு சொல்றேன் சார். நீங்க சொல்றதை நம்புறாங்களோ இல்லையோ, இதை நம்புவாங்க.”

பஸ் காலை ஐந்தரைக்கு என்றார் அவர்.